ஏறுகிற வண்டிக்கு வழி

ரிவர்ஸ்டன் மலைப்பாதையின் முடக்குகளில் பஸ் திருப்புகிறவன் றோட்டின் முழு அகலத்தையும் எடுத்தாக வேண்டும். முன்பக்கம் பள்ளத்துக்கு மேலே நீட்டிக்கொள்ளும்வரை நேரே விட்டு, அதன் பிறகுதான் ஸ்டியரிங்கை ஒடிக்க வேண்டும். அவசரப்பட்டு முன்பே ஒடித்தால் பின்சக்கரம் உள்பக்கக் கானுக்குள் இறங்கிவிடும். எதிரே வருகிறவனுக்குப் பஸ் தன் மேலேயே ஏறி வருவதுபோலத் தெரியும். அதனால்தான் முடக்குக்கு முன்னால் ஹோர்ன் அடிக்கிறோம். அடித்தபின் பதில் வருகிறதா என்று கேட்கவும் வேண்டும். மூடுபனி இறங்கிவிட்டால் கண்ணைவிடக் காதை நம்பித்தான் ஓட்டுகிறோம். கணவாயில் அடிக்கிற காற்று அந்தச் சத்தத்தையும் சில நேரம் வேறு பக்கம் தள்ளிக்கொண்டு போய்விடும்.

மாத்தளையில் எடுத்து, இரத்தோட்டை வழியாக ஏறி, ரிவர்ஸ்டன் கோபுரத்துக்குக் கீழே கணவாயைக் கடந்து, பிட்டவல பத்தனைப் புல்வெளியையும் இலுக்கும்புரையையும் தாண்டிப் பல்லேகமவுக்கு இறங்குகிற பாதை இது. இங்கே சட்டமாக எல்லோரும் மதிப்பது ஒன்றுதான்: இறங்குகிற வண்டி, ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். காரணத்தைக் காலில் உணர்ந்திருக்கிறேன். ஆட்களும் மிளகு மூட்டைகளும் ஏற்றிய பஸ் செகண்ட் கியரில் உறுமிக்கொண்டு ஏறும்போது அதை நிறுத்திவிட்டால், ஈர றோட்டில் மறுபடி கிளப்புவதற்குள் கிளட்ச் கருகும் வாசம் கடைசி சீட்வரை போய்விடும்.

ஆனால் பழக்கத்தில் இதற்கும் விலக்கு உண்டு. இறங்குவது நிறை பஸ்ஸாகவும் ஏறி வருவது சின்னக் காராகவும் இருந்தால், கார்தான் நாலடி பின்னுக்குப் போகும். யாருக்கு ஒதுங்குவது இலகுவோ அவர் ஒதுங்குகிறார். ஒதுங்கியவரைக் கடக்கும்போது கை தூக்கிவிட்டுப் போவோம்.

இந்தப் பாதைக்கு வருவதற்கு முன் ஏழு வருடம் கொழும்பில் 138ஆம் இலக்க பஸ் ஓட்டினேன். மகரகமவிலிருந்து நுகேகொடை, கிருலப்பனை வழியாகப் புறக்கோட்டை வரைக்கும். 2020 செப்டம்பரில் வீதி ஒழுங்குச் சட்டத்தை இறுக்கினார்கள். காலி வீதி, ஹைலெவல் வீதி, பேஸ்லைன் வீதி, ஸ்ரீ ஜயவர்தனபுர மாவத்தை ஆகிய நான்கிலும் இடது ஓரம் பஸ்ஸுக்கு என்றார்கள். முதலில் மோட்டார் சைக்கிளும் முச்சக்கர வண்டியும்கூட அதே வரிசையில்தான் வரவேண்டும் என்று சொல்லி, சில நாட்களிலேயே அவற்றை அடுத்த வரிசைக்கு மாற்றினார்கள்.

பொலிஸ் சந்திக்குச் சந்தி நின்ற அந்த நாட்களில் என் பஸ் ஓடிய ஓட்டம் இன்றும் காலில் இருக்கிறது. கிருலப்பனையில் வழக்கமாக முதல் கியரும் பிரேக்குமாக மிதித்து மிதித்து முழங்கால் வலிக்கும் இடத்தில் மூன்றாம் கியர் விழுந்தது. படியில் தொங்கியவர்கள்கூடக் கொண்டக்டரோடு சண்டை போடவில்லை. பிறகு காவல் தளர்ந்தது. ஒரு கார் உள்ளே வந்தது. பின்னாலேயே ஒரு வேன் வந்தது. ஒரு கிழமைக்குள் பஸ் லேன் பழையபடி எல்லோருடைய லேனும் ஆகிவிட்டது.

பஸ் லேனுக்குள் வருகிறவர்களுக்குத் தண்டம் எழுதத்தான் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் அங்கேதான் இருக்கிறது. எழுத வேண்டும். ஒருவர் மட்டும் இருக்கும் கார் உள்ளே நுழைந்து இரண்டு நிமிடம் மிச்சம் பிடிக்கிறது. பின்னால் எழுபது பேரோடு நான் நிற்கிறேன். அந்த எழுபது பேரில் ஒருவருடைய முகத்தையும் அவர் பார்க்கப்போவதில்லை. மலையில் வழிவிடாதவனுக்குத் தண்டனை அந்த இடத்திலேயே கிடைக்கிறது, அவனும் சேர்ந்து நிற்க வேண்டும். நகரத்தில் வழி மறித்தவன் முன்னால் போய்விடுகிறான்.

ஆனால் எதற்கு எழுதுவது என்பதில் கவனம் வேண்டும். இடது பக்கத் தெருவுக்குத் திரும்ப வேண்டிய கார், பஸ் லேனைக் குறுக்கே கடக்காமல் எப்படித் திரும்பும்? அதைப் பிடிப்பது அநியாயம். கோட்டுக்குள் வந்து, பஸ்ஸுக்கு முன்னால் இடம் பிடித்து, அடுத்த சந்திவரை அதிலேயே ஓடுகிறவரைத்தான் பிடிக்க வேண்டும். கடைக்கு முன்னால் லேனில் வண்டியை நிறுத்திவிட்டுச் சாமான் வாங்கப் போகிறவரை அவருக்கும் முந்திப் பிடிக்க வேண்டும். அந்த ஒரு வண்டியைச் சுற்றிப் போக நான் வலது பக்கம் வெட்டும்போது இரண்டு வரிசையும் கெட்டுப்போகிறது.

எங்களுக்கும் எழுத வேண்டும். இதை மறைத்துவிட்டு மற்றதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அன்றாட வசூலுக்காக முன்னால் போகிற பஸ்ஸை முந்தப் பார்த்து லேனைவிட்டு நான் வெளியே பாய்ந்திருக்கிறேன். ஹோல்ட்டில் ஓரம் கட்டாமல் நடு றோட்டில் ஆள் இறக்கியிருக்கிறேன். டெல்லியில் 2022 ஏப்ரல் 1 முதல் பஸ் லேன் சட்டத்தை அமுல்படுத்தியபோது, லேனைவிட்டு விலகுகிற பஸ், லொறி ஓட்டுநர்களுக்குத்தான் முதலில் பத்தாயிரம் ரூபா வரை தண்டம் என்று அறிவித்தார்கள். சாரதியாக அது எனக்குச் சுடுகிறது. ஆனாலும் சரியென்றே படுகிறது. லேன் யாருக்கோ அவர் அதற்குள் நின்றால்தான் மற்றவரை வெளியே போகச் சொல்லலாம். தீர்ப்பு மட்டும் லேனைக் காப்பாற்றாது என்பதையும் அதே டெல்லியில்தான் கண்டார்கள்: 2008இல் அங்கே பஸ்ஸுக்கென்று 5.8 கிலோமீற்றர் தனிப்பாதை போட்டார்கள். கார்க்காரர்களின் எதிர்ப்பு நீதிமன்றம் வரை போனது. 2012இல் நீதிமன்றம் பாதையை வைத்திருக்கலாம் என்றே தீர்ப்புச் சொல்லியும், சில வருடங்களில் அரசே அதைப் பெயர்த்தெடுத்தது.

தண்டம் என்றால் பணம் மட்டும் என்று நினைக்கிறவர் சாரதியாக இருந்திருக்க மாட்டார். லைசனைப் பொலிஸ் வாங்கிக்கொள்ளும். 14 நாளுக்குள் தபாலகத்தில் பணம் கட்டி, பற்றுச்சீட்டோடு அந்தப் பொலிஸ் நிலையத்துக்கே போய் லைசனை மீட்க வேண்டியிருந்தது. நாட்கூலிக்கு ஓடுகிறவனுக்கு அது ஒரு நாள் உழைப்பு. 2025இல் கவ்பே என்ற அரசாங்க இணையக் கட்டண முறை வந்து, கைபேசியிலேயே கட்டலாம் என்றானது. எங்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் கையில் காசு தாராளமாக இருப்பவருக்கு, தண்டம் பஸ் லேனில் போவதற்கான கட்டணம்போல ஆகிவிடக் கூடாது. திரும்பத் திரும்ப வருகிறவரிடம் பணத்தோடு நிற்காமல் லைசன் புள்ளியிலும் கைவைக்க வேண்டும் என்பேன்.

மலையில் பொலிஸ் தேவையில்லை என்றுதான் நான் நெடுநாள் நம்பியிருந்தேன். இங்கே ஓடுகிறவர்கள் நாளைக்கும் ஒருவரையொருவர் சந்திக்கிறவர்கள். மரக்கறி லொறிக்காரரும் த்ரீவில் தம்பியும் என் ஹோர்ன் சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்வார்கள். நாளை முகத்தில் விழிக்க வேண்டுமே என்ற எண்ணம் போதுமானதாக இருந்தது.

அந்த நம்பிக்கை ஆடியது பாடசாலை விடுமுறையில் ஒரு வெள்ளிக்கிழமை. இலுக்கும்புரையிலிருந்து ஏறி வருகிறேன். கணவாய்க்குச் சற்றுக் கீழே, முடக்கின் உள்பக்கத்தில் இரண்டு கார்களை நிறுத்திவிட்டுப் பனியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேலிருந்து இறங்கிய இன்னொரு கார் என் முகத்துக்கு நேரே வந்து நின்றது. ஓட்டியவருக்குப் பின்னுக்கு எடுக்கத் தெரியவில்லை, பயந்துபோயிருந்தார். என் பின்னால் இன்னும் மூன்று வண்டிகள். கொண்டக்டர் தம்பி இறங்கி, அந்தக் காரின் பக்கத்தில் நடந்தபடி, "தவ, தவ" (இன்னும், இன்னும்) என்று சிங்களத்தில் சொல்லிச் சொல்லி அங்குலம் அங்குலமாகப் பின்னுக்கு எடுக்க வைத்தான். அரை மணித்தியாலத்துக்கு மேல் போனது.

முன் சீட்டில் ஓர் ஆச்சி, மாத்தளை ஆஸ்பத்திரிக் கிளினிக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விடிய நாலரைக்கு எழும்பி வந்தவர். நம்பர் எடுக்கிற நேரம் தாண்டிவிட்டது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "பரவாயில்ல மகன், மெதுவா போங்க" என்றார்.

படம் எடுத்தவர்கள் கெட்டவர்களாகத் தெரியவில்லை. வழி கிடைத்ததும் சிரித்துக் கைகூட அசைத்தார்கள். அவர்களை நான் மறுபடி பார்க்கப்போவதில்லை. அந்த முடக்கில், நான் முதன்முறையாக, ஒரு பொலிஸ்காரர் நின்று எழுதிக்கொண்டிருந்தால் நல்லது என்று நினைத்தேன்.

இரத்தோட்டைக்கு இறங்கும்வரை ஒவ்வொரு முடக்கிலும் வழக்கத்தைவிட நீளமாக ஹோர்ன் அடித்தேன். ஆஸ்பத்திரி ஹோல்ட்டில் ஆச்சியைத் தம்பி கைபிடித்து இறக்கிவிட்டான். அவர் கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வரிசை இன்னும் இருக்குமென்று வேகமாக நடந்தார்.