காலைக்கடன்

என் கணவருக்கு நாளைக்கு நூறு பாதாம், எனக்கு மூன்று முட்டை. 2019இல் எங்கள் வீட்டில் பேலியோ தொடங்கியது இந்தக் கணக்கில்தான்.

யாரும் கெட்ட எண்ணத்தில் பிரித்த கணக்கில்லை அது. பிரித்ததே நான்தான். மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதுகிறவள் நான். நூறு பாதாம் என்றால் ஏறக்குறைய 120 கிராம். அன்றைய விலைக்கு ஒரு ஆளுக்கு நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட நூறு ரூபாய். இரண்டு பேருக்கு மாதம் ஆறாயிரம் கட்டுப்படியாகாது. அவருக்குச் சர்க்கரை ஏறியிருந்தது. எனக்கு எடை மட்டும்தான். ஆகவே பாதாம் அவருக்கு; முட்டை, பனீர், ஞாயிற்றுக்கிழமை கறி எனக்கு. மாதவிடாயில் உதிரம் அதிகமாகப் போகிறதென்று இரும்புச்சத்து மாத்திரையும் விழுங்கிக்கொண்டிருந்தேன்.

நம் ஊரில் பேலியோ என்று சொல்வதும் கீட்டோவும் ஒன்றல்ல. ஆனால் சோறு, இட்லி, சப்பாத்தி, பருப்பு, பழம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மாவுச்சத்தை நாளைக்கு 50 கிராமுக்குக் கீழே கொண்டுவந்தால் உடம்பு பெரும்பாலும் கீட்டோவுக்குத்தான் போய்ச் சேரும். ஒரு சின்னக் கிண்ணம் சோற்றிலேயே 40 கிராம் வந்துவிடுமே. கீட்டோ என்பது ஒல்லியாவதற்காகக் கண்டுபிடித்ததும் அல்ல. 1921இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் என்ற மருத்துவர் வலிப்பு நோய்க்காக முன்வைத்த உணவுமுறை அது. வலிப்புக்காக அதைச் சாப்பிடும் குழந்தைகளுக்கு வரும் தொல்லைகளில் முக்கியமான ஒன்று மலச்சிக்கல் என்பது மருத்துவர்களுக்கு நெடுங்காலமாகத் தெரியும். எனக்குத் தெரியாது.

முதல் வாரம் அவருக்கு மூன்று கிலோ குறைந்தது, எனக்கு இரண்டரை. வீடே கொண்டாடியது. குறைந்தது பெரும்பாலும் தண்ணீர் என்று பிறகு புரிந்துகொண்டேன். ஈரலும் தசையும் சேர்த்துவைத்திருக்கும் கிளைகோஜன் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். மாவுச்சத்தை நிறுத்தியதும் அது கரைந்து தண்ணீரும் வெளியேறுகிறது. இன்சுலின் குறைவதால் சிறுநீரகம் உப்பையும் சேர்த்து வெளியே அனுப்புகிறது. உடம்பு இப்படி வற்றும்போது பெருங்குடல் சும்மா இருக்குமா? தன்னிடம் வந்ததிலிருந்து முடிந்தவரை தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. மிச்சமிருப்பது கல்.

நான்காம் நாள் எனக்குப் போகவில்லை. ஐந்தாம் நாளும் இல்லை. எட்டாம் நாள் ஆட்டுப் புழுக்கை மாதிரி கொஞ்சம். ‘சாப்பாடே குறைவு, அப்புறம் எங்கிருந்து போகும்’ என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவருக்கோ ஒரு பிரச்சினையும் இல்லை. காலையில் பட்டர் டீயைக் குடித்துவிட்டு செய்தித்தாளோடு உள்ளே போனால் இருபது நிமிடம் கழித்து மலர்ந்த முகத்தோடு வருவார். ‘உடம்பு பழகிக்கும், பொறுமையா இரு’ என்றார். உடம்பின் வாகு போல என்று நினைத்தேன். நூறு பாதாமில் 15 கிராம் நார்ச்சத்து இருக்கிறது. முட்டையிலும் கறியிலும் ஒரு கிராம்கூட இல்லை, பனீரில் இல்லையென்றே சொல்லலாம். ஒரே வீட்டில், ஒரே டயட்டில், அவர் வயிற்றுக்கும் என் வயிற்றுக்கும் இடையே இருந்த வித்தியாசத்தில் பாதி ஒரு பாதாம் டப்பாவுக்குள் இருந்தது.

மூன்றாவது வாரம் ரத்தம் வந்தது.

இதை எழுதத்தான் தயக்கமாக இருக்கிறது. மாதவிடாயைப் பற்றி எழுத நாங்கள் கற்றுக்கொண்டுவிட்டோம். மெடிக்கல் ஷாப்பில் நாப்கினை உரத்த குரலில் கேட்டு, செய்தித்தாளில் சுற்ற வேண்டாம் என்று சொல்கிற அளவுக்கு வந்துவிட்டேன். ஆனால் ‘ஆசனவாயில் ரத்தம்’ என்று கட்டிய கணவரிடம் சொல்ல வாய் வரவில்லை. நாப்கினை வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். எனக்கென்று சொல்லிக்கொள்ள ஒரு ரத்தம் ஏற்கெனவே இருந்ததால் இந்த ரத்தத்தை அதன் பின்னால் ஒளித்துவைப்பது சுலபமாக இருந்தது. உள்ளே உடைந்த கண்ணாடியை வைத்து இழுப்பதுபோல வலி. அந்த வலிக்குப் பயந்தே மறுநாள் போவதைத் தள்ளிப்போட்டேன். தள்ளிப்போடப் போட இன்னும் இறுகியது. பதினேழு நாள். கடைசியில் கடையில் படியேறும்போது கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். ஹீமோகுளோபின் 8.4 என்று வந்தது. அது ஏன் என்று கேட்டபோதுதான் வாயைத் திறந்தேன்.

டாக்டர் பெண். அது என் அதிர்ஷ்டம். ஃபிஷர், அதாவது ஆசனவாயில் வெடிப்பு என்றார். இவ்வளவு ரத்தக்குறைவு வெடிப்பால் மட்டும் வந்ததல்ல, மாதவிடாயில் போனதும் சேர்ந்துதான் என்றார். அதோடு, ரத்தம் வந்தால் மூலமென்றோ வெடிப்பென்றோ நாமாக முடிவு செய்துகொண்டு வீட்டில் இருக்கவே கூடாது என்று கடிந்துகொண்டார். இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கட்டும் என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தேன். ஆனால் அதை நிறுத்த முடியாது, எனக்கு ரத்தம் வேண்டும். பிறகு மூன்று கேள்வி கேட்டார். என்ன சாப்பிடுறீங்க? எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்க? காலையில எத்தனை மணிக்குப் போவீங்க?

முதலாவதுக்குப் பதில் இருந்தது. இரண்டாவதுக்கு ஒன்றரை லிட்டர் என்று பொய் சொன்னேன். மூன்றாவதுக்கு எனக்குப் பதிலே இல்லை.

எனக்கென்று ஒரு நேரம் இருந்ததே இல்லை. உசிலம்பட்டிப் பக்கத்து ஊர் எங்களுடையது. ‘வெளிக்கு’ப் போவதென்றால் கம்மாக்கரைதான். ஆண்கள் எந்நேரமும் போவார்கள். பெண்களுக்கு விடிவதற்கு முன்பு, இல்லையென்றால் பொழுது சாய்ந்த பிறகு. இடையில் வந்தால் அடக்கு. அடக்கத்தை எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது அந்தக் கருவேலம் புதர்தான். அம்மா எங்களைக் கூட்டமாகக் கூட்டிக்கொண்டு போவாள். யாராவது வருகிற சத்தம் கேட்டால் எல்லோரும் எழுந்து நின்றுவிட வேண்டும். பாதியில் எழுந்து நிற்பது என்றால் என்னவென்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் இரண்டு கழிப்பறை, ஒன்று டீச்சர்களுக்கு, இன்னொன்றில் கதவு இல்லை. காலை எட்டு மணியிலிருந்து மாலை ஐந்து மணிவரை தண்ணீர் குடிக்காமல் இருக்கும் வித்தையைப் பத்து வயதில் கற்றேன். முப்பத்தெட்டு வயதிலும் அதையே செய்துகொண்டிருந்தேன். கடையில் பெண்களுக்கான கழிப்பறை நான்காவது மாடியில். போனால் திரும்பிவர பன்னிரண்டு நிமிடம். ‘இப்பதானம்மா போனீங்க’ என்று சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே சொல்வார்.

கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் ஜவுளிக்கடைப் பெண்களைத் திரட்டிய விஜி என்ற தையல்காரரைப் பற்றிப் பிறகு படித்தேன். உட்காரும் உரிமைக்காக அவர்கள் போராடியதுதான் வெளியே பேசப்பட்டது. 2018இல் கேரளத்தில் சட்டம் திருத்தப்பட்டது, 2021இல் தமிழ்நாட்டிலும் வந்தது. ஆனால் அந்தப் பெண்கள் முதலில் ஒன்றுகூடியது கழிப்பறை கேட்டு. எங்கள் கடையிலும் இப்போது ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். கழிப்பறை நான்காவது மாடியிலேயே இருக்கிறது.

கல்யாணத்துக்குப் பிறகு வீட்டில் கழிப்பறை வந்தது, நேரம் வரவில்லை. காலையில் எழுந்து வெதுவெதுப்பாக எதையாவது குடித்ததும் பெருங்குடல் தானாக அசையும். நாள் முழுவதிலும் அது நன்றாக வேலை செய்யும் நேரங்களில் அதுவும் ஒன்று என்றார் டாக்டர். அந்த அழைப்பை மறுத்தால் அது போய்விடும். திரும்பத் திரும்ப மறுத்தால் அழைப்பதையே மெல்ல விட்டுவிடும். எனக்கு அந்த அழைப்பு வருகிற ஆறேகாலுக்கு ஒரு அடுப்பில் சாம்பார், இன்னொன்றில் ஆம்லெட். பிள்ளைகளுக்கும் அத்தைக்கும் இட்லி, அவருக்குப் பேலியோ, எனக்கு மிச்சம். வீட்டில் ஒருவர் டயட் இருந்தால் அடுப்படியில் இரண்டு சமையல் என்பதை எந்த டயட் புத்தகமும் எழுதுவதில்லை.

டாக்டர் கொடுத்தவை ஒரு களிம்பு, கொஞ்ச நாளைக்கு லாக்டுலோஸ் சிரப், காலையும் மாலையும் வெதுவெதுப்பான நீர் நிரப்பிய அகலமான பேசினில் பத்து நிமிடம் உட்காருவது. மற்றதை நானே சேர்த்தேன். டயட்டை விடவில்லை, எடை குறைந்ததில் முட்டி வலி போயிருந்தது, அதை இழக்க மனமில்லை. ஆனால் முட்டையையும் பனீரையும் பாதியாக்கினேன். கொத்தவரங்காய், வெண்டைக்காய், வாழைப்பூ, முருங்கைக்கீரை, இவற்றில் ஏதாவது இரண்டு தினமும் கிண்ணம் நிறைய, தேங்காய் தாராளமாகப் போட்டு. தேங்காய் மாவுச்சத்து குறைவு, நார் அதிகம், விலையும் பாதாம் அளவுக்கு இல்லை. பேலியோவென்றால் பாதாம் என்று எங்கள் தலையில் ஏறியிருந்ததால், ஓட்டில் துருவிக்கொண்டிருந்த தேங்காய் கண்ணில் படவேயில்லை. ஆளி விதையை வறுத்துப் பொடித்து மோரில் ஒரு ஸ்பூன். இரவு இசப்கோல் ஒரு ஸ்பூன். இந்த இரண்டையும் தண்ணீர் குடிக்காமல் சாப்பிட்டால் உள்ளேபோய் இன்னும் கட்டியாகும், முதல் மூன்று நாள் எனக்கு அப்படித்தான் ஆனது. எனவே தண்ணீர். பாட்டிலில் அளந்து இரண்டரை லிட்டர். உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸ், எலும்பு சூப். ரத்த அழுத்தம் இல்லாததால் எனக்கு உப்பு பரவாயில்லை என்றார் டாக்டர். எல்லோருக்கும் அப்படியில்லை. அத்தைக்கு அழுத்தம் உண்டு.

வெஸ்டர்ன் டாய்லெட்டின் முன்னால் பிள்ளைகள் குளிக்கும் பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு அதன்மேல் கால் வைத்து உட்கார்ந்தேன். குத்தவைக்கிற நிலை வந்தால் உள்ளே இருக்கும் தசை தளர்ந்து வழி நேராகுமாம். கம்மாக்கரையில் சரியாக இருந்தது அது ஒன்றுதான்.

இவ்வளவும் சுலபம். கஷ்டமாக இருந்தது ஆறேகாலிலிருந்து ஆறரைவரை அந்தப் பதினைந்து நிமிடம். முதல் நாள் தாழ்ப்பாள் போட்டதும் குக்கர் விசில் அடித்தது. எண்ணினேன். நான்காவது விசிலில் எழுந்து வெளியே வந்துவிட்டேன். இரண்டாம் நாள் மகன் கதவைத் தட்டினான், டை காணோம் என்று. மூன்றாம் நாள் இரவு அவரிடம் சொன்னேன். ஃபிஷர், ரத்தம், பதினேழு நாள், எல்லாவற்றையும். ‘ஏன்மா சொல்லவேயில்ல’ என்றார். உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. ‘நாளையிலேருந்து ஆறேகாலுக்கு அடுப்பு உங்களோடது’ என்றேன். முதல் வாரம் இட்லி கல்லாக இருந்தது. பிள்ளைகள் என்னிடம் வந்து முறையிட்டார்கள். நான் தலையிடவில்லை.

வெடிப்பு ஆற ஆறு வாரம் ஆனது. மாதவிடாய்க்கு முந்தைய வாரம் இன்னமும் கட்டிக்கொள்ளும், தேதி வந்ததும் இளகும். அது ஹார்மோன் செய்கிற வேலை என்று தெரிந்ததால் பதறுவதில்லை, அந்த வாரம் கீரையைக் கூட்டிக்கொள்கிறேன். நான் இசப்கோல் கலக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தை ஒருநாள் டம்ளரை நீட்டினார். ‘எனக்குக் கல்யாணமான நாள்லேருந்தே சரியாப் போனதில்லடி’ என்றார். நாற்பத்தியிரண்டு வருடம். அவருக்குக் கலக்கும்போது டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிடலாம் என்றேன். அங்கெல்லாம் எதைக் காட்டுறது என்று சிரித்தார். போன மாதம்தான் வந்தார்.

தீபாவளி வந்ததும் அவர் பேலியோவை விட்டார். மிச்சமிருந்த பாதாமை நான் சாப்பிட்டேன்.

மகள் எட்டாம் வகுப்பு. பள்ளிவிட்டு வந்ததும் பையை எறிந்துவிட்டுக் கழிப்பறைக்கு ஓடுவாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடுகிறாளே என்று இரண்டு வருடமாகத் திட்டிக்கொண்டிருந்தேன். அவளுடைய தண்ணீர் பாட்டில் காலையில் நிரப்பியது அப்படியே திரும்பி வருவதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒருநாள் கேட்டேன். ‘அங்க தாழ்ப்பாள் இல்லம்மா, ஒருத்தி வெளியில பிடிச்சுக்கணும். ஒண்ணுக்குன்னா பிடிப்பாங்க, ரெண்டுக்குப் பிடிக்கச் சொல்ல முடியுமா?’ பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண் பேசி முடித்த பிறகு எழுந்து இதைச் சொன்னேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தலைமையாசிரியர் குறித்துக்கொண்டார். அரையாண்டு விடுமுறை முடிந்து போனபோது நான்கு கழிப்பறைகளில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் போட்டிருந்தார்களாம். மதிய இடைவேளையில் அதன் முன்னால் பெரிய வரிசை நிற்கிறது என்றாள்.