எண்ணிக்கை காத்தவர்

கையில் வேலை இருக்கும்போது நாவுக்குத் துணிவு பிறக்கும் என்பதை நம் வீட்டுப் பெண்கள் நெடுங்காலமாக அறிவர். கீரை ஆய்கையிலும் பூத்தொடுக்கையிலும் வெளிவரும் சொற்கள், முகம் பார்த்து அமர்ந்திருக்கையில் எளிதில் எழுவதில்லை. இவ்வுண்மையை ஓடும் காரில் நாங்கள் மீண்டும் கற்றோம்.

2019-ஆம் ஆண்டு எங்கள் அன்னையாருக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தொடங்கியது. வாரத்தில் ஐந்து நாளென ஆறு வாரங்கள், திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குச் சென்று திரும்ப வேண்டும். உடன் சென்ற சகோதரியர் நாங்கள் இருவர். பங்குக் கோவில் பீடத்துக்கென அன்னையார் தொடங்கியிருந்த மேட்டி துணி விரிப்பு பாதியில் நின்றிருந்தது. அதன் கரையெங்கும் திராட்சைக் குலையும் கோதுமைக் கதிரும் குறுக்குத் தையலில் வரவேண்டும். முன்னர் ஏற்றிய மருந்துகளால் அவருடைய விரல் நுனிகள் மரத்துப்போயிருந்தன. ஊசி பிடிக்க இயலவில்லை. ஆகவே துணி எங்கள் மடிக்கு வந்தது.

காரில் தைப்பதற்குச் சில ஒழுங்குகள் உண்டு. இத்தையலுக்குரிய ஊசி முனை மழுங்கியது. வண்டி குலுங்கினாலும் எளிதில் கையைத் துளைக்காது. கத்தரிக்கோலை உடன் எடுப்பதில்லை. ஆறு இழை நூலை இரண்டிரண்டாகப் பிரித்து, முழ நீளத்துக்கு வீட்டிலேயே வெட்டிக்கொள்வோம். மிஞ்சும் நுனிகளை இரவில் நறுக்குவோம். ஓட்டத்தில் மாதிரித் தாளை உற்றுப் பார்த்தால் குமட்டும். காது வண்டியின் அசைவை உணர, கண்ணோ அசையாத கட்டங்களைக் காண்கிறது. எனவே புறப்படுமுன்னும், சுங்கச்சாவடியில் வண்டி நிற்கையிலும் அடுத்த வரிசைகளைப் பார்த்து அன்னையாரிடம் சொல்லிவிடுவோம். எண்ணிக்கையைக் காப்பது அவர் பொறுப்பு.

போகும்போது ஒருபுறம் சாய்ந்த அரைத் தையல், திரும்பும்போது அதன்மேல் மறுபாதி என்று வகுத்தவரும் அவரே. முதற் பாதிக்குத்தான் எண்ணிக்கை வேண்டும். இரண்டாம் பாதி இட்ட தடத்திலேயே செல்லும். சிகிச்சை முடிந்து களைத்து, எங்கள் தோளில் உறங்கிவிடுவோம் என்பதை அறிந்தே அவ்வாறு வகுத்தார் போலும்.

இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் காலை, கொடைரோட்டைக் கடந்து சென்றுகொண்டிருந்தோம். "பதினொன்னு" என்று எண்ணியவர், அதே குரலில் "பயமா இருக்குடி" என்றார். மருத்துவர் வினவியபோதும் பங்குத்தந்தை வினவியபோதும் "ஒண்ணுமில்லை" என்றே சொல்லிவந்தவர் அவர். நாங்கள் ஊசியை நிறுத்தவில்லை. "எங்களுக்கும்தாம்மா" என்றோம். அதன்பின் வாடிப்பட்டி வரும்வரை பேசினார். தம் தாயாரின் கடைசி நாள்கள், எங்களுள் இளையவளின் திருமணம், தமக்குப்பின் அப்பாவுக்கு யார் சோறிடுவது என்னும் கவலை, எல்லாம் வந்தன. இடையிடையே, "எத்தனை ஆச்சு? பதினாலா?" என்றும் கேட்டுக்கொண்டார்.

நோயுற்றோரிடம் என்ன பேசுவது என்று நாம் தவிக்கிறோம். பல வேளைகளில் பேச வேண்டியவர் அவரே. அதற்கு அருகில் ஓர் ஆளும், முகத்தையே உற்று நோக்காத கண்களும் வேண்டும். அவரால் இன்னும் இயலும் ஒரு வேலையை அவருக்கென ஒதுக்கி வைத்தலும் வேண்டும். முப்பது நாளும் எங்கள் அன்னையார் எண்ணிக்கை காத்துத் தந்தார். விரிப்பின் கரை அந்த எண்ணிக்கையில்தான் நிற்கிறது.