குறுக்கே கிடந்த மரம்

அன்பானவர்களே,

ஜவ்வாது மலையின் உட்கிராமம் ஒன்றில் நமது சபைக் குடும்பங்கள் சில வசிப்பதை நீங்கள் அறிவீர்கள். தார்ச்சாலை முடிந்தபின் அங்கே செல்ல மண்பாதைதான் உண்டு. அதற்காகவே பழைய ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 ஒன்றை வாங்கினேன். 21 அங்குல முன்சக்கரமும், தரையிலிருந்து 220 மில்லிமீட்டர் இடைவெளியும் உடைய வண்டி. இது இருந்தால் எதையும் கடந்துவிடலாம் என்று 54 வயதில் நம்பினேன்.

கடந்த ஐப்பசி மழையில், நோயுற்றிருந்த மூதாட்டி ஒருவரைக் காணச் சென்றபோது, வளைவில் ஒரு மரம் விழுந்து கிடந்தது. முழங்கால் உயரம்கூட இல்லை. ஆனால் பாதையின் குறுக்கே சாய்வாகக் கிடந்தது. நான் இருக்கையில் அமர்ந்தபடியே, பாதை போன போக்கில் ஏற்றினேன். சக்கரம் மரத்தைத் தொட்டதும் அஞ்சி முன் பிரேக்கைப் பிடித்தேன். நனைந்த பட்டையின்மேல் சக்கரம் நீளவாக்கில் வழுக்கியது. வண்டி என் இடது காலின்மேல் சாய்ந்தது. கிளட்ச் லீவரின் முனை முறிந்தது.

சற்று நேரத்தில் அவ்வழியே வந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் வண்டியைத் தூக்கி நிறுத்தினார். "கட்டையவே பாத்தீங்கன்னா கட்டையிலதான் போய் நிப்பீங்க, ஐயா. அதுக்கு அப்பால பாருங்க" என்றார். பின்பு முறிந்த லீவரை இரு விரல்களால் பிடித்தபடி அவரே ஓட்டிக் காட்டினார்.

முதலில் வண்டியைப் பின்னே தள்ளி, பாதைக்கு நேராக அல்ல, மரத்திற்கு நேராக நிறுத்தினார். மிதிகளின்மேல் எழுந்து நின்று, முழங்காலைத் தளர்த்தி, முழங்கையை விரித்து, முதல் கியரில் நடை வேகத்தில் வந்தார். மரத்தை நெருங்கியதும் உடலால் அழுத்த, முன் ஷாக் அப்சார்பர் தாழ்ந்தது. அது மேலெழும் கணத்தில் கிளட்சை விட்டு ஆக்சிலரேட்டரைச் சிறிது முறுக்கினார். முன்சக்கரம் எழும்பி மரத்தின் உச்சியில் அமர்ந்தது. உடனே முறுக்கைத் தளர்த்திவிட்டார். ஈரப்பட்டையில் பின்சக்கரத்தை வேகமாகச் சுழற்றினால் அது பக்கவாட்டில் வழுக்கும் என்றார். வந்த வேகமே பின்சக்கரத்தை மேலேற்றியது. வண்டி குதித்ததை அவருடைய முழங்கால்கள் வாங்கிக்கொண்டன. இறங்குகையில் முன் பிரேக்கை அவர் தொடவே இல்லை.

நான் அந்த வீட்டை அடைந்தபோது இருட்டிவிட்டது.

மூன்று ஆண்டுகளுக்கு முன், அம்மூதாட்டியின் மகனுடைய திருமணக் காரியத்தில் நான் எடுத்த ஒரு முடிவு அவரைப் புண்படுத்தியிருந்தது. முடிவு தவறு என்பதைச் சில மாதங்களிலேயே உணர்ந்தேன். ஆனாலும் அதைக் குறித்து நேராகப் பேசவில்லை. பண்டிகைதோறும் பழம் கொடுத்தனுப்பினேன். மற்றவர்களிடம் நலம் விசாரித்தேன். வீட்டிற்குச் சென்றால் ஜெபித்துவிட்டு விரைவாக எழுந்துவிடுவேன். எல்லாம் சாய்வாகச் சென்ற செயல்களே. என்னைப் பார்க்க வேண்டுமென்று அவர் சொல்லியனுப்பி அன்றோடு இரண்டு வாரம் ஆகியிருந்தது. மரம் என்னைத் தாமதப்படுத்தியது ஒரு மணி நேரம் மட்டுமே.

அவர் அருகில் அமர்ந்து, "அம்மா, நான் செய்தது தவறு" என்றேன். அவர் கண்கள் மூடியிருந்தன. கை மட்டும் என் கைக்குள் இருந்தது. கேட்டாரா என்பதை நான் அறியேன். விடியுமுன் அவர் கடந்து சென்றார்.

உங்களில் எவருக்கேனும் இவ்விதம் ஒரு வீடு இருக்குமானால், இந்த வாரமே செல்லுங்கள். அச்சம் நீங்கிய பின் செல்லலாம் என்று காத்திராதீர்கள். எனக்கு இன்றும் நீங்கவில்லை. மெதுவாகச் செல்லுங்கள், ஆனால் நேராகச் செல்லுங்கள்.

ஆலய வளாகத்தின் பின்புறம் சிறிய தென்னங்கட்டை ஒன்றைப் போட்டு, சனிக்கிழமை மாலைகளில் பயின்று வருகிறேன். அந்தச் சத்தத்தைப் பொறுத்தருளுங்கள். அடுத்த மழைக்குள் கற்றுக்கொள்ள வேண்டும்.

அன்புடன்,
உங்கள் போதகர்