ரிச்சி ஸ்ட்ரீட்டுல போர்டு நம்பர் கேளுங்க பாஸ்!

நீங்கள் இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட்டா? அப்படின்னா புராஜெக்ட்டுக்கு சென்ஸார் வாங்கவாவது ஒரு தடவை ரிச்சி ஸ்ட்ரீட் மண்ணை மிதித்திருப்பீர்கள். இல்லையா? இந்த வாரம் வாங்க, கூட்டிட்டுப் போறேன். ஆனால் சென்ஸாருக்கு இல்லை. சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ண! கையில் காசு கம்மி. அதுதானே நம்ம நிலைமை?

அரசினர் தோட்டம் மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கி யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். கீபோர்டு டப்பாவோடு எதிரே வருகிற ஆளே வழி சொல்லிவிடுவார். பேர்தான் ஒரு தெரு. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று பக்கத்துத் தெருக்களையும் சேர்த்தே எல்லோரும் 'ரிச்சி'ங்கறாங்க. இந்த சிந்தாதிரிப்பேட்டையே 1730-களில் நெசவாளர்களுக்காக உருவான பேட்டை. 'சின்னத் தறிப் பேட்டை'தான் அப்படி ஆச்சு என்பார்கள். தறிச் சத்தம் போய், இன்னிக்கு 'என்ன சார் வேணும்? லேப்டாப்பா, சிசிடிவியா?' சத்தம். பைக், தள்ளுவண்டி, தலையில் மானிட்டர் பெட்டி சுமந்து வருகிறவர், எல்லோரும் ஒரே சந்தில். ஓரமா நடங்க பாஸ்!

உள்ளே நுழைந்ததும் கைக்கு வருவது கொட்டேஷன். துண்டுச் சீட்டுதான். 'ஐ7 புராசஸர், 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி.' படிக்கும்போதே ஜில்லுன்னு இருக்கும். மூணாவது வரியைப் பாருங்கள். மதர்போர்டு என்று போட்டு, எதிரில் 'நியூ' என்று மட்டும் இருக்கும். என்ன போர்டு? நம்பர் என்ன? பதில் வராது. நான் பார்த்தவரை பட்ஜெட் கம்ப்யூட்டரில் கத்தரி விழுவது பெரும்பாலும் இந்த வரியில்தான்.

போன மாசம் எங்க காலேஜ் ஃபர்ஸ்ட் இயர் பொண்ணு ஒருத்திக்காக நானும் போயிருந்தேன். கூட அவளோட அப்பா. செய்யாறு பக்கம் தையல் கடை வைத்திருப்பவர். சீட்டு எடுத்த 35 ஆயிரத்தை மஞ்சப்பையில் சுருட்டி, இடுப்போடு அணைத்துப் பிடித்திருந்தார். முதல் கடையில் 'ஐ7 முழு செட்டு 18 ஆயிரம்ணே, வாரன்ட்டியோட' என்றதும் அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். மீதி 17 ஆயிரம் மிச்சமாச்சே! 'தம்பி, இது நாலு வருஷம் தாங்குமா?' என்று என்னைக் கேட்டார்.

போர்டு நம்பரைக் கேட்டேன். தயங்கித் தயங்கி 'எச்61' என்றார் கடைக்காரர். எச்61 என்பது 2011-ல் வந்த சிப்செட். அதில் உட்காரும் ஐ7, 2011, 2012 வாக்கில் வந்த இரண்டாம், மூன்றாம் தலைமுறை ஆள். ராம் ஸ்லாட் இரண்டே இரண்டு, அதுவும் டிடிஆர்3. வேடிக்கை என்னன்னா, போர்டு நிஜமாவே புதுசு! பழைய சிப்செட்டைப் போட்டு இப்போதும் புதுசாகச் செய்கிறார்கள். சிலவற்றில் எம்.2 ஸ்லாட்கூட உண்டு. பொய் சொல்லவில்லை, பாதி சொன்னார். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் தரும் பட்டியலில் இன்டெல் புராசஸர்கள் கிட்டத்தட்ட எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஆரம்பம். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்தது. பில்லிங் கவுன்ட்டருக்கு இதெல்லாம் போதும். நாலு வருஷம் டிசைன் சாஃப்ட்வேர் ஓட்டப்போகிற பொண்ணுக்கு?

'அப்போ என்னதான் வாங்கறது?' என்பீர்கள். புராசஸரை விட்டுட்டு சாக்கெட்டிலிருந்து ஆரம்பியுங்கள். இன்டெல் 2020-ல் எல்ஜிஏ1200, 2021-ல் 1700, 2024-ல் 1851 என்று சாக்கெட்டை மாற்றிக்கொண்டே வந்தது. ஏஎம்டியின் ஏஎம்4, 2016-ல் வந்தது. அதற்கு 2024-லும் புது புராசஸர் வெளியானது. கிழவர்தான், ஆனால் கட்டுமஸ்தானவர்! 2022-ல் வந்த ஏஎம்5 இன்னும் நீண்ட நாள் ஓடும், மறுக்கலை. ஆனால் அதற்கு டிடிஆர்5 ராம் மட்டும்தான் சேரும். 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போக, ராம் விலை கிறுகிறுவென்று ஏறியது. டிடிஆர்4 என்றால் இதே தெருவில் செகண்ட் ஹேண்டிலும் தேடலாம். இந்தக் காரணத்துக்காகவே ஏஎம்4-க்கு என் ஓட்டு.

ஏஎம்4-ல் ஏ520, பி450, பி550 என்று போர்டுகள். ஏ520-ல் புராசஸரை ஓவர்க்ளாக் பண்ண முடியாது. நமக்கு அது தேவையும் இல்லை. ரைசன் 5 5600ஜி மாதிரி 65 வாட் புராசஸருக்கு அதுவே தாங்கும். கடைசியில் உள்ள அந்த 'ஜி'யைக் கவனிங்க. கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கு என்று அர்த்தம், தனி கார்டு வேண்டாம். இன்டெல்லில் கடைசி எழுத்து 'எஃப்' என்றால் நேர்மாறு. கார்டு இல்லாமல் போர்டின் எச்டிஎம்ஐயில் ஒயரைச் செருகினால் திரை இருட்டுதான்!

நாலு ராம் ஸ்லாட் இருக்கிற பி450 கிடைத்தால் விடாதீங்க. 'ஜி' புராசஸருக்கு ஒற்றை ராமைவிட ஜோடி ராம்தான் வேகம். இன்னிக்கு ஒண்ணு, ஸ்காலர்ஷிப் வரும்போது இன்னொண்ணு. அப்புறம், சாக்கெட் பக்கத்துல இருக்கிற மின்சாரப் பகுதிக்கு மேல அலுமினிய ஹீட்சிங்க் இருக்கிற போர்டா எடுங்க. மே மாசம் ஃபேன் மட்டும் சுத்துற ஹாஸ்டல் ரூமை நினைச்சுப் பாருங்க, புரியும்.

பழைய ஸ்டாக் பி450 என்றால் ஒரு சிக்கல். ரைசன் 5000 வரிசை வருவதற்கு முன் செய்த போர்டாக இருந்தால், பயாஸை அப்டேட் செய்யாமல் திரையே வராது. அதனால் கடையிலேயே புராசஸரை மாட்டி டிஸ்ப்ளே காட்டச் சொல்லுங்கள். 'டைம் இல்ல சார்' என்றால் அடுத்த கடை. இன்டெல், ஏஎம்5 போர்டுகளில் மெல்லிய பின்கள் போர்டிலேயே இருக்கும். ஒரு பின் வளைந்திருந்தாலும் வாரன்ட்டியில் மல்லுக்கட்ட வேண்டியதுதான். காசு கொடுக்கும் முன் மூடியைத் திறந்து பாருங்கள், வெட்கப்படாதீங்க. ஜிஎஸ்டி பில்லில் சீரியல் நம்பர் ஏறணும். 'பில் வேணாம்னா குறைச்சுத் தர்றேன்' என்ற குரல் வரும். வாரன்ட்டிக்குப் போய் நிற்கும்போது அந்தக் குரல் கூட வராது.

செய்யாறு அப்பாவுக்கு நாலாவது கடையில் செட் ஆச்சு. 5600ஜி, நாலு ஸ்லாட் பி450, ஒரே ஒரு 8 ஜிபி ராம், 500 ஜிபி எஸ்எஸ்டி, பழைய மானிட்டர். திரையில் எழுத்து வரும்வரை அவர் உட்காரவே இல்லை. மஞ்சப்பையில் பஸ் செலவுக்குப் போக இருநூறு ரூபாய் மிச்சம். அதில் எல்லோருக்கும் லெமன் ஜூஸ்!

ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் லீவு. வார நாளில் பதினொன்றரை மணிக்கு மேல் போங்க. அதற்கு முன்னாடி ஷட்டரும் சாம்பிராணிப் புகையும்தான் இருக்கும்.