கடல் இல்லாத ஊரில் ஒரு சமுத்திரம்!

சனி, ஞாயிறு வந்தா எங்கே போறதுன்னு முழிக்கிற ஆளா நீங்க? பையில ஒரு தண்ணி பாட்டிலைப் போட்டுக்கிட்டு திருவண்ணாமலை பஸ்ஸைப் பிடிங்க. பெரிய கோயில்ல இருந்து செங்கம் ரோட்டில் ரெண்டு கிலோமீட்டர் போனா ரமணாசிரமம்.

உள்ளே நுழைஞ்சதும் ஒரு கிழட்டு இலுப்பை மரம். அதுக்குக் கீழே, கட் அடிச்சிட்டு வந்த ஹாஸ்டல் பசங்க மாதிரி மயில்கள் உலாத்திக்கிட்டு இருக்கும். வெளியே டீக்கடையில வேட்டி கட்டின வெள்ளைக்காரர், 'அண்ணா, சர்க்கரை கம்மி' என்பார். சும்மா உட்காரக் கத்துக்கிறதுக்காகவே கடல் தாண்டி வந்தவங்க!

ரமணரைக் கோவணத்தோடதான் போட்டோவில் பார்த்திருப்போம். ஆனா, மதுரையில வெங்கட்ராமனா இருந்தப்போ அவர் ஃபுட்பால் ஆடி, வைகையில நீச்சலடிச்ச பையன். 1896 செப்டம்பர் 1-ம் தேதி இங்கே வந்து இறங்கினப்போ வயசு 16. நம்ம ப்ளஸ் ஒன் வயசு!

ஆசிரமத்துக்குப் பின்னாடி கந்தாசிரமத்துக்கு ஒரு பாதை ஏறுது. மேலே போய் நின்னா 217 அடி ராஜகோபுரம் தீப்பெட்டி சைஸில் தெரியும். ஏறும்போதே என் நண்பன் ஆரம்பிச்சான். "இந்த ஊர்ல ஒரு சமுத்திரம் இருக்கு தெரியுமா?"

ஜோக் இல்லைங்க. ஆசிரமம் பக்கத்திலேயே இருக்கிற ஏரிக்குப் பேர் சமுத்திரம் ஏரி. புதுச்சேரிக் கடலுக்கு இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல. ஆனாலும் பேர்ல ஒரு கெத்து!

கடலே இல்லாத இன்னொரு இடம் ஹங்கேரி. டான்யூப் நதியும் பாலட்டன் ஏரியும்தான் அவங்களுக்கு. ஆனா, துடுப்புப் போடுற கயாக் பந்தயத்துல அவங்க பெரிய தாதா. டனுடா கோசாக் என்ற பெண் 2012, 2016, 2020 ஒலிம்பிக் மூணுலயும் சேர்த்து ஆறு தங்கம் அள்ளினவங்க.

அதே ஹங்கேரியின் ஒலிம்பிக் பாய்மரப் படகு வீரர் டமாஸ் எசெஸ். அவர்கிட்ட பாடம் கத்துக்கிட்டது யார் தெரியுமா? நம்ம சென்னைப் பொண்ணு நேத்ரா குமணன்! ஸ்பெயினின் கிரான் கனேரியா தீவுல போய்ப் பயிற்சி எடுத்தாங்க. இங்கே உட்காரக் கத்துக்க அவங்க வர்றாங்க. காத்தைப் பிடிக்கக் கத்துக்க நம்மாளு அங்கே போயாச்சு. கணக்கு சரிதானே?

சம்மர் கேம்ப்ல படகைத் தொட்ட நேத்ரா, இன்ஜினீயரிங் படிச்சுக்கிட்டே 2020-ல் மயாமி உலகக் கோப்பையில் வெண்கலம் வாங்கினாங்க. 2021 ஏப்ரலில் ஓமன்ல நடந்த தகுதிப் போட்டி மூலமா, பாய்மரப் படகில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனாங்க. டோக்கியோவில் 35-வது இடம். பாரிஸில், 2024-ல், 21-வது இடம். பக்கத்துல வேலூர்ல பிறந்த ராணுவ வீரர் விஷ்ணு சரவணன் டோக்கியோவில் 20, பாரிஸில் 18. தண்ணி இல்லாத பாலாத்துக் கரையில இருந்து ஒரு ஒலிம்பிக் படகோட்டி!

"ஆனா மெடல் இல்லையே?" - இதைக் கேட்டது நான்தான். கேட்டதும் எனக்கே சுருக்குன்னுச்சு. செகண்ட் இயர்ல 800 மீட்டர் ஓடி கடைசியா வந்தேன். கேலி தாங்காம ஷூவைக் கட்டிலுக்கு அடியில தள்ளினவன், அப்புறம் ஓடவே இல்லை. முப்பத்தஞ்சாவது இடம் வந்த பிறகும் மறுபடி படகை இறக்க எவ்வளவு தைரியம் வேணும்?

நண்பன் ஒரு விஷயம் சொன்னான். ஒலிம்பிக் பாய்மரப் போட்டி ஒரே ரேஸ் இல்லை; பல நாள் நடக்கும். முதல் இடத்துக்கு ஒரு பாயின்ட், இருபதாம் இடத்துக்கு இருபது. கம்மியா வாங்கினவர் ஜெயிப்பார். அதுல ரொம்ப மோசமாப் போன ஒரு ரேஸைக் கணக்குல இருந்தே எடுத்துடுவாங்களாம்!

ஒரு மோசமான நாளுக்கு மன்னிப்பு உண்டு. ஆனா மத்த ரேஸுக்கெல்லாம் நீங்க தண்ணியில இறங்கியாகணும்.

இறங்கி வந்தப்போ சாயங்காலம். கிரிவலப் பாதை மொத்தம் பதினாலு கிலோமீட்டர். நடந்துக்கிட்டிருந்தவன், கொஞ்ச தூரம் மெதுவா ஓடிப் பார்த்தேன். யாரும் சிரிக்கலை.

நீங்க போறப்போ கட்டிலுக்கு அடியில கிடக்கிற ஷூவையும் எடுத்துட்டுப் போங்க பாஸ்!