ஒரு கிராமுக்கு 50 சதம்

சீனி வரி பற்றிக் கதை தொடங்கினால் எப்பவும் ஒரே மாதிரித்தான் போகும். "விலையைக் கூட்டினா சனம் குடிக்காமல் விடுமோ?" என்று ஒருவர் கேட்பார். "சிகரெட்டுக்கு எவ்வளவு கூட்டினவங்கள், ஆர் விட்டது?" என்று மற்றவர் சொல்வார். அதோடு கதை முடியும்.

எனக்கு அது பாதிக் கேள்வி என்றுதான் படுகிறது. மற்றப் பாதி, போத்தலை நிரப்புகிறவர் என்ன செய்வார் என்பது.

மெக்சிக்கோவை எடுங்கள். 2014 தை முதலாம் திகதியிலிருந்து லீற்றருக்கு ஒரு பெசோ வரி. முதல் வருடம் இனிப்புப் பானம் வாங்குவது சுமார் 6 வீதம் குறைந்தது. வருமானம் குறைந்த வீடுகளில் இன்னும் கூட. ஆனால் லீற்றர் கணக்கு என்பதால், உள்ளே சீனியைக் குறைத்தாலும் கொம்பனிக்கு வரி குறையாது. பிரித்தானியா வேறு வழியால் போனது. 100 மில்லிலீற்றரில் சீனி 5 கிராமுக்குக் கீழே என்றால் வரியே இல்லை. 5 கிராமிலிருந்து ஒரு படி, 8 கிராமிலிருந்து கூடிய படி. 2016 இல் அறிவித்து, 2018 சித்திரையில்தான் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அந்த இடைவெளியில் பல கொம்பனிகள் கலவையையே மாற்றிவிட்டன. (ஸ்கொட்லாந்தில் ஐர்ன் புரூ பிரியர்கள் பழைய போத்தல்களை வாங்கிப் பதுக்கினார்களாம். நெக்டோவில் ஆராவது கை வைத்தால் எங்களுக்கும் அந்த வலி விளங்கும்.) குடிக்கிறவர் மனம் மாறாமலே உடம்புக்குள் போகிற சீனி குறைந்தது.

இலங்கையில் போட்டது இன்னும் நேரடியான வரி. 2017 கார்த்திகையில் மங்கள சமரவீரவின் வரவு செலவுத் திட்டத்தில் ஒரு கிராம் சீனிக்கு 50 சதம். 100 மில்லியில் 11 கிராம் இருக்கிற 400 மில்லிப் போத்தல் என்றால் 44 கிராம், 22 ரூபா. அதற்கு முதலே, 2016 ஆவணியிலிருந்து, போத்தலில் நிற வட்டம் இருந்தது: 11 கிராமுக்கு மேல் சிவப்பு, 2 க்குக் கீழே பச்சை, இடையில் செம்மஞ்சள். சிவப்பிலிருந்து தப்ப ஒரு சொட்டுக் குறைத்தால் காணும். கிராம் வரியில் அந்தச் சுத்துமாத்து ஏலாது, ஒவ்வொரு கிராமும் காசு. நல்ல யோசனைதான், ஆனால் ஒரு வருடம்தான் நின்றது. 2018 கடைசியில், ஆட்சிக் குழப்பத்துக்குள், வரியைக் குறைத்தார்கள். அமைச்சர் மாற மாற வரியும் மாறும் என்றால் கொம்பனி ஏன் கலவையை மாற்றும்? பொறுத்திருந்தால் போதுமே.

அதுக்குப் பிறகு நடந்தது பெரிய பகிடி. 2020 ஐப்பசியில் இறக்குமதிச் சீனிக்கு கிலோவுக்கு 50 ரூபாவாக இருந்த வரி 25 சதமாக இறங்கியது. எங்கட ஊர்க் கடையில் விலை இறங்கினதை நான் காணவில்லை. அரசுக்கு 1,500 கோடி ரூபாவுக்கு மேல் நட்டம் என்று பாராளுமன்றக் குழுவில் சொல்லப்பட்டது. 2023 கார்த்திகையில் திரும்ப 50 ரூபா. கூட்டின வரி சுணங்காமல் கடைக்கு வந்து சேரும், குறைச்ச வரி வழியில் எங்கேயோ இறங்கிவிடும்.

உண்மையில் எங்கட வீட்டில் சீனி போத்தலால் வருகிறது குறைவு. ஆக்கள் வந்தால்தான் சோடா உடைக்கிறது. அப்பாவுக்குச் சலரோகம். குளிசையைப் போட்டுவிட்டு ஒரு நாளைக்கு நாலு தேத்தண்ணி குடிப்பார். 2022 இல் சீனி விலை ஏறினபோது மூன்று கரண்டி இரண்டானது. டொக்டர் பத்து வருடமாகச் சொல்லி நடக்காத காரியம்! விலை பழகினதும் திரும்ப மூன்று.

அந்தத் தேத்தண்ணியைப் போத்தல் வரி தொடாது. தொட வேணும் என்று சொல்லவும் எனக்கு வாய் வராது. விடியக் கொழுந்து பறிக்கப் போகிறவருக்குச் சீனி போட்ட சாயம்தான் அரைவாசிச் சாப்பாடு. சோடா அப்படியில்லை. அதன் விலை கூடினால் ஒருவரும் பட்டினி கிடக்கப்போவதில்லை. "வரி ஏழையைத்தான் அடிக்கும்" என்கிறவர்கள் ஒருநாள் விடிய ஐந்து மணிக்குக் கிளினிக் வரிசையைப் போய்ப் பார்க்க வேணும். நோய் ஆரை அடிக்கிறது என்பது அங்கே தெரியும்.

எனக்கிருக்கிற கோபம் வேறு. போன மாதம் அப்பாவின் குளிசை கிளினிக்கில் முடிந்துபோச்சு. வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு தந்தார்கள். பார்மசியில் காசைக் குடுத்துவிட்டு அப்பா கேட்டார், "சோடாவில எடுக்கிற காசு எங்கயடா போகுது?"