மூக்கு போனா என்ன?

அக்கா மகன் போன் பண்ணான்.
"மாமா, முகச் சீரமைப்பு அறுவை சிகிச்சைல ஃபெலோஷிப் கிடைச்சிருச்சு!"
எம்.எஸ். ஈ.என்.டி. முடிச்சும் இன்னும் படிப்பாம்.

ராமநாதபுரத்துக்காரன் படிக்க வேண்டிய படிப்புதான்.
17ஆம் நூற்றாண்டுல மூக்கறுத்துக்கிட்டே வந்த மைசூர்ப் படையை, திருமலை நாயக்கருக்காக விரட்டுனது நம்ம ராமநாதபுரம் மன்னர் ரகுநாத சேதுபதி.

அறுந்த மூக்குக்கு என்ன வழி?
புனே பக்கத்துல கவாஸ்ஜிங்கிற வண்டிக்காரருக்கு, நெத்தித் தோலை இறக்கி மூக்கு செஞ்சாங்க.
1794ல லண்டன் பத்திரிகைல படத்தோட வந்துச்சு.
1814ல கார்ப்யூங்கிற அறுவை மருத்துவர் அதை லண்டன்லயே செஞ்சு பார்த்தார்.
இவனும் அந்த நெத்தித் தோல் வித்தையைக் கத்துக்கணுமாம்.

என் சப்பை மூக்குக்குத் தள்ளுபடி கேட்டேன்.
"புற்றுநோய்ல, விபத்துல மூக்கு போனவங்களுக்குத்தான் மொதல்ல, மாமா"ங்கிறான்.

நியாயம்தான். ஆனா வரிசைல ஒரு துண்டு போட்டு வைக்கலாமா, என்ன சொல்றீங்க?